அட்டையில் ஓ பாசிட்டிவ், ஆனால் ஓ ரத்தம் சேரவில்லை: பாம்பே குரூப் பற்றி

கேள்வி இதுதான்: "அக்காவுக்குக் கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி. ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொன்னார்கள். கல்லூரி முகாமில் கொடுத்த அட்டையில் ஓ பாசிட்டிவ் என்றுதான் இருக்கிறது. ஆனால் ரத்த வங்கியில் எந்த ஓ பையும் கிராஸ்மேட்ச்சில் (பை ரத்தத்தை அக்கா ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்கும் சோதனை) சேரவில்லை, 'பாம்பே குரூப்' என்கிறார்கள். இது ரத்த நோயா? அட்டை தப்பா? இன்னொன்று. அக்கா ஓ, மாமா ஓ, பெரிய பையன் பி. இதை வைத்து மாமா வீட்டில் வருஷக்கணக்காகச் சாடைமாடையாகப் பேசுகிறார்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். நான் பி, தம்பி ஓ. நாங்களும் பரிசோதிக்க வேண்டுமா?"

கடைசிக்கு முந்தையதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்கள் அக்காவை அதிகம் வாட்டியிருக்கும். பையன் பி என்பதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. பாம்பே குரூப்காரர்களின் உடம்பில் ஏ அல்லது பி மரபணு பத்திரமாக இருக்கலாம், பரிசோதனையில் மட்டும் தெரியாது. குழந்தைக்குப் போனதும் அங்கே வெளிப்படும். 1955ல் அமெரிக்காவில் ஃபிலிப் லெவினும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஒரு குடும்ப வரலாறு அச்சு அசலாக இதே கதை. ஓ போலத் தெரிந்த ஒரு பெண், தன்னிடம் வெளியே தெரியாத பி-யை மகளுக்குக் கொடுத்திருந்தார். ஒரு மரபணு இன்னொன்றின் வேலையை மறைத்துவிட முடியும் என்பதற்கு மனிதரிடம் கிடைத்த தெளிவான சான்றுகளில் அது ஒன்று. ரத்த குரூப்பை மட்டும் வைத்து ஒரு பெண்ணைக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். மாமா வீட்டுக்கு ரத்த வங்கியின் அறிக்கையில் ஒரு நகலைக் கொடுங்கள்.

இனி முகாம் அட்டைக்கு வருகிறேன். அட்டை பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறது. முகாமில் என்ன செய்வார்கள்? விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் துளித் துளியாக வைத்து, ஒன்றில் நீல நிற ஆன்டி-ஏ, ஒன்றில் மஞ்சள் நிற ஆன்டி-பி, ஒன்றில் நிறமில்லாத ஆன்டி-டி விட்டுக் கலக்குவார்கள். நீலத்திலும் மஞ்சளிலும் கட்டி தட்டாமல், டி-யில் மட்டும் திரண்டால் ஓ பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இது சிவப்பணுவை மட்டும் பார்க்கும் சோதனை. நாங்கள் ஃபார்வர்டு குரூப்பிங் என்போம்.

ரத்த வங்கியில் இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு சோதனை உண்டு. ரிவர்ஸ் குரூப்பிங். அக்காவின் சீரத்தை (ரத்தத்தில் செல்களை நீக்கிய தெளிந்த திரவம்) எடுத்து, குரூப் தெரிந்த ஏ செல், பி செல், ஓ செல் ஆகியவற்றோடு தனித்தனிக் குழாயில் சேர்ப்பார்கள். இரண்டு துளி சீரம், ஒரு துளி செல். சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று. வெளியே எடுத்து, குழாயை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். சாதாரண ஓ ஆளாக இருந்தால் ஏ குழாயிலும் பி குழாயிலும் அடியில் கெட்டியான ஒரு கட்டி நிற்கும். ஓ குழாயில் செல்கள் தட்டியதும் கலைந்து, திரவம் ஒரே சீராகச் சிவக்கும். அக்காவின் சீரத்தில் மூன்றாவது குழாயும் கட்டி தட்டியிருக்கும். அதுவும் அரைகுறையாக இல்லை, நாலு பிளஸ் என்று எழுதுகிற அளவுக்கு. ஓ செல்லை எதிர்க்கிற ஓ ஆள் என்று ஒருவர் இருக்கக் கூடாதே! அந்த இடத்தில்தான் டெக்னீஷியன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

இந்த மூன்றாவது குழாயை வீண் வேலை என்று விட்டுவிடும் இடங்கள் இருக்கின்றன. ஏ செல், பி செல் மட்டும் வைத்துப் பார்த்தால் முடிவு ஓ என்றே வரும், யாருக்கும் சந்தேகம் வராது. அப்புறம் கிராஸ்மேட்ச்சில்தான் மாட்டும். அந்த வகையில் அக்காவுக்குக் கிராஸ்மேட்ச் செய்தவருக்கு நீங்கள் ஒரு நன்றி சொல்லலாம்.

இதை முதலில் கண்டுபிடித்தவர்களும் மாட்டியது இப்படித்தான். பம்பாய் கே.இ.எம். மருத்துவமனை, அதோடு ஒட்டிய சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி. அங்கே நோயியல் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் ஒய்.எம். பெண்டே. நம் நாட்டு மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாகப் படித்த நோயியல் பாடநூல் ஒன்றை எழுதியவர்களில் ஒருவர். அவரும் சி.கே. தேஷ்பாண்டே, எச்.எம். பாட்டியா ஆகியோரும் பம்பாயில் மூன்று பேரிடம் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். செல்லில் ஏ இல்லை, பி இல்லை. ஆகவே ஓ. ஆனால் சீரம் ஓ செல்லையும் திரள வைக்கிறது.

அந்தக் காலத்தில் இதற்குச் சொல்ல சுலபமான காரணங்கள் நிறைய இருந்தன. சோதனைக்கு வைத்த செல் பழசு, குழாய் சரியாகக் கழுவவில்லை, குளிரில் மட்டும் வேலை செய்யும் ஏதோ ஆன்டிபாடி (சீரத்தில் இருந்து செல்லைப் பிடித்துத் திரள வைக்கும் எதிர்ப்பொருள்), நோயாளிக்கு முன்பு ரத்தம் ஏற்றியதால் வந்த ஏதோ ஒன்று. இன்றும் ரத்த வங்கிகளில் இதே காரணங்களைத்தான் முதலில் சொல்கிறோம், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். பெண்டே குழுவினர் அப்படி ஒதுக்கவில்லை. மாதிரிகள் லண்டன் லிஸ்டர் நிறுவனத்துக்குப் போயின. ரத்த குரூப் ஆராய்ச்சியில் உலகத்துக்கே அப்போது அதுதான் தலைமை இடம். ராபர்ட் ரேஸ், ரூத் சாங்கர் ஒரு பக்கம். ரத்த குரூப்பின் ரசாயனத்தைத் தோண்டிக்கொண்டிருந்த வால்டர் மார்கன், வினிஃப்ரெட் வாட்கின்ஸ் இன்னொரு பக்கம். 1952ல் லான்செட் மருத்துவ இதழில் ஏழு பேர் பெயரில் கட்டுரை வந்தது, முதல் பெயர் பெண்டே. இரண்டு பக்கத்துக்குள் அடங்கிய கட்டுரை. அந்த மூன்று பேரின் செல்லில் ஏ, பி மட்டுமல்ல, எச் என்ற பொருளும் இல்லை. சீரத்தில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி-யோடு ஆன்டி-எச்-சும் இருக்கிறது. சொன்னது அவ்வளவுதான்.

எச் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது.

கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901ல் வியன்னாவில் ரத்த வகைகளைப் பிரித்த நாளிலிருந்து, ஓ என்றால் "ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை" என்றுதான் எல்லோரும் வைத்திருந்தார்கள். ஓ செல்லின் மேல் ஒன்றுமே இல்லை என்பது போல. அது சரியில்லை. ஓ செல்லின் மேல் எச் என்ற சர்க்கரைச் சங்கிலி லட்சக்கணக்கில் நிற்கிறது. ஏ குரூப்காரரிடம் அந்த எச்-சின் நுனியில் ஒரு சர்க்கரையை (என்-அசிட்டைல் கேலக்டோசமைன்) ஒட்டும் நொதி இருக்கிறது, அது ஏ ஆகிறது. பி குரூப்காரரிடம் வேறு நொதி, அது கேலக்டோஸை ஒட்டுகிறது. ஓ குரூப்காரரிடம் இந்த ஒட்டும் நொதி வேலை செய்யாததால் எச் அப்படியே நிற்கிறது. ஆக எச் என்பது வாசல் நிலை, ஏ-யும் பி-யும் அதில் மாட்டுகிற கதவுகள். உங்கள் அக்காவிடம் பி கதவு செய்யும் தச்சன் இருக்கிறான், மாட்டுவதற்கு நிலைதான் இல்லை.

இந்த விளக்கம் உட்கார்ந்து யோசித்து வந்ததில்லை. மார்கனும் வாட்கின்ஸும் சினைப்பைக் கட்டிகளிலிருந்து எடுத்த திரவத்தை வைத்து வேலை செய்தவர்கள். ரத்த குரூப் பொருள் அதில் கரைந்த நிலையில் நிறையக் கிடைக்கும். செல்லிலிருந்து அவ்வளவு சுத்தமாகப் பிரித்தெடுப்பது அப்போது நடக்காத காரியம். எச்-சை அடையாளம் காண அவர்களுக்குக் கிடைத்த கருவி விலாங்கு மீனின் சீரம். விலாங்கு சீரம் ஓ செல்லைத் திரள வைக்கும். அதில் ஒவ்வொரு சர்க்கரையாகக் கலந்து பார்த்தார்கள். ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்ததும் திரள்வது நின்றது. சீரத்தின் பிடி ஃபியூகோஸில் மாட்டிக்கொண்டதால் செல்லைப் பிடிக்க இடமில்லை. எச்-சின் அடையாளம் அந்த ஃபியூகோஸ்தான் என்று 1952ல் சொன்னார்கள். பம்பாயிலிருந்து எச் இல்லாத மனிதர்களின் ரத்தம் லான்செட்டில் வந்த அதே வருஷம்! மார்கன், வாட்கின்ஸ் பெயர் அந்தக் கட்டுரையிலும் இருப்பதன் பொருள் இப்போது புரிந்திருக்கும். எச்-சிலிருந்துதான் ஏ-யும் பி-யும் உண்டாகின்றன என்ற வரிசை அடுத்த சில வருஷங்களில் உறுதியானது. அதற்கு பம்பாய் ஆட்கள் பெரிய சாட்சி. எச் இல்லையென்றால், மரபணு இருந்தாலும் ஏ வருவதில்லை, பி வருவதில்லை.

என் சொந்தக் கருத்து: பெண்டேயின் பங்கை "அபூர்வ குரூப் ஒன்றைக் கண்டுபிடித்தார்" என்று வினாடி வினா அளவில் சுருக்கிவிடுகிறார்கள். ஏபிஓ என்ற அமைப்பே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் திறந்து காட்டிய கதவுகளில் அது ஒன்று. அரிதான ரத்தம் என்பதால் மட்டும் அது முக்கியமாகவில்லை.

இப்போது எச்-சைச் சோதிக்க விலாங்கு மீன் தேவையில்லை, ஒரு செடியின் விதைச்சாறு போதும். யூலெக்ஸ் என்ற முட்புதர், மஞ்சள் பூ பூக்கும். ஐரோப்பியச் செடி, ஆங்கிலேயர் காலத்தில் வந்து நீலகிரியில் களையாகப் பரவிக்கிடக்கிறது. ஊட்டிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் விதையில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் எச்-சை மட்டும் பிடிக்கும். சாதாரண ஓ செல்லோடு சேர்த்தால் உடனே திரளும், அக்காவின் செல்லோடு சேர்த்தால் சும்மா இருக்கும். இதோடு உறவுள்ள இன்னொரு சேதியையும் சொல்லிவிடுகிறேன். ஏ குரூப்பில் ஏ1, ஏ2 என்று பிரிக்க உலகம் முழுக்கப் பயன்படும் லெக்டின் நம் வீட்டுக் கொள்ளிலிருந்து வருவது. அதைக் கண்டவர் ஜார்ஜ் பேர்ட், 1951ல், இந்திய அறிவியல் இதழான கரண்ட் சயின்ஸில் எழுதினார். குதிரைக்கும் ரசத்துக்கும் ஆனது என்று நாம் நினைக்கிற தானியம் ரத்த வங்கியின் ஃபிரிட்ஜில் சின்ன பாட்டிலில் உட்கார்ந்திருக்கிறது.

அக்காவின் அறிக்கையில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். யூலெக்ஸ் அல்லது ஆன்டி-எச் லெக்டின் நெகட்டிவ். ஓ செல் உட்பட எல்லா செல்லோடும் சீரம் பாசிட்டிவ். ஆட்டோ கன்ட்ரோல், அதாவது அவரது சீரத்தை அவரது செல்லோடே சேர்த்த சோதனை, நெகட்டிவ். மூன்றும் இருந்தால் பாம்பே என்பது ஏறக்குறைய முடிவு. ஆட்டோ கன்ட்ரோல் பாசிட்டிவ் என்றால் கதையே வேறு, தன் செல்லையே எதிர்க்கும் ஆன்டிபாடியாக இருக்கலாம். லெக்டின் சோதனை இல்லாமல் "எந்தப் பையும் சேரவில்லை, ஆகவே பாம்பே" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லாப் பையோடும் சேராமல் போக வேறு காரணங்களும் உண்டு, அதில் ரத்தம் கிடைக்கும் வழியும் வேறு.

நோயா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. எச் இல்லாததால் உடம்பு எந்தக் குறையையும் உணர்வதில்லை. சோகை வராது, ஆயுள் குறையாது, குழந்தை பெறுவதில் தடையில்லை. அக்காவே இரண்டு பெற்றிருப்பார் போலிருக்கிறதே. ஆன்டி-எச் பெரும்பாலும் ஐஜிஎம் என்ற பெரிய ஆன்டிபாடி வகை, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. அதனால் கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து அபூர்வம், கர்ப்ப காலத்தில் கண்காணித்தால் போதும். சிலருக்கு ஒரு சின்ன லாபம்கூட உண்டு. நம் ஊர் பாம்பே ஆட்களுக்கு எச்சிலிலும் குடலிலும் எச் சுரக்காது. வாந்தி பேதியைக் கிளப்பும் நோரோ வைரஸின் பல வகைகள் குடலில் ஒட்டிக்கொள்ள அந்தச் சர்க்கரையைத்தான் தேடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. பாம்பே குரூப்போடு சேர்ந்து, சின்ன வயசிலிருந்தே அடுக்கடுக்காகக் கடும் தொற்று, வளர்ச்சிக் குறைபாடு, வெள்ளணு எண்ணிக்கை எப்போதும் எகிறிக் கிடப்பது என்று ஒரு குழந்தைக்கு இருந்தால் அது நிஜமாகவே ரத்த நோய். 1992ல் இஸ்ரேலில் அமோஸ் எட்சியோனி குழு இரண்டு சிறுவர்களிடம் முதலில் விவரித்தது. உடம்பில் ஃபியூகோஸைச் செல்லின் உள்ளறைக்குக் கொண்டுபோகும் வழியே பழுது. எச் உண்டாகாதது அதில் ஒரு சிறு விளைவு. வெள்ளணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள முடியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. உலகத்தில் விரல் விட்டு எண்ணும்படியான குடும்பங்கள். முப்பதைத் தாண்டிக் குடும்பம் நடத்தும் உங்கள் அக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆக, பாம்பே குரூப்பின் ஆபத்து ஒரே இடத்தில். ரத்தம் ஏற்றும்போது. அக்காவின் ஆன்டி-எச் உடல் வெப்பத்திலேயே முழு வேகத்தில் வேலை செய்யும், காம்ப்ளிமென்ட் என்ற அழிப்பு வரிசையைத் தூண்டிவிடும். எச் எல்லோரையும்விட ஓ செல்லில்தான் அதிகம். அவசரத்தில் "எல்லோருக்கும் ஆகும்" என்று நாம் நம்பி ஏற்றும் ஓ நெகட்டிவ் பைதான் இவருக்கு மிக மோசமானது. ஏற்றிய செல்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடையும். குளிர் காய்ச்சல், முதுகு வலி, சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போவது, சிறுநீரகம் அடங்குவது என்று போய் உயிருக்கே உலை வைக்கும். "வேறு வழியில்லை, இருப்பதில் குறைவாகச் சேராததைக் கொடுப்போம்" என்ற சமாதானம் வேறு சில ஆன்டிபாடிகளுக்கு உண்டு. ஆன்டி-எச்-சுக்கு அது செல்லாது.

பலருக்குத் தெரியாத ஒரு ஆறுதல் இருக்கிறது. பாம்பே ஆளுக்குச் சிவப்பணுதான் பாம்பே ஆளிடமிருந்து வர வேண்டும். பிளாஸ்மா, பிளேட்லெட், கிரையோ (பிளாஸ்மாவிலிருந்து பிரித்த, ரத்தம் உறைய உதவும் பொருள்) எல்லாம் எந்த குரூப்பிலிருந்தும் வரலாம். அக்காவின் செல்லில் ஏ, பி, எச் மூன்றும் இல்லாததால் பிறர் பிளாஸ்மாவில் உள்ள ஆன்டிபாடிக்கு அங்கே வேலையில்லை. பிளேட்லெட் பையில் சிவப்பணு கலந்து சிவந்திருக்கக் கூடாது, அதை மட்டும் பார்க்க வேண்டும். "எதையுமே கொடுக்க முடியாது" என்று கையைப் பிசைகிற வார்டுகள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு வருவோம். ஃபைப்ராய்டு அவசரமில்லாத ஆபரேஷன். பாம்பே கொடையாளரைத் தேடி வாட்ஸ்அப்பில் நம்பரோடு செய்தி பரப்புவதற்கு முன், மகப்பேறு மருத்துவரையும் ரத்த வங்கி மருத்துவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசுங்கள். முதல் வேலை அக்காவின் ஹீமோகுளோபினை ஏற்றுவது. கட்டியால் மாதாமாதம் ரத்தம் போய்க்கொண்டிருந்தால் அதை மருந்தால் நிறுத்தி, இரும்புச்சத்தை ஊசியாக நரம்பில் கொடுத்தால் சில வாரங்களில் நல்ல ஏற்றம் தெரியும். 11 கிராமுக்கு மேல் வந்துவிட்டால் அவர் ரத்தத்தையே அவருக்காக எடுத்து வைக்கலாம். ஆபரேஷனுக்கு முன் இடைவெளி விட்டு ஒரு யூனிட், முடிந்தால் இரண்டு. சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து பை 35 அல்லது 42 நாள் வரை ஃபிரிட்ஜில் இருக்கும். நாள் கணக்கை அதற்கேற்பப் போடச் சொல்லுங்கள், ஆபரேஷன் தேதி தள்ளிப்போனால் பை காலாவதியாகும். ஆபரேஷன் மேஜையில் கொட்டும் ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அவருக்கே திருப்பி ஏற்றும் செல் சேவர் இயந்திரம் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் விலை மலிவு. இத்தனையும் செய்தால் வெளியாள் பை தேவைப்படாமலே ஆபரேஷன் முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. இருந்தாலும் கொடையாளர் ஒருவரை முன்கூட்டியே உறுதி செய்து வையுங்கள், தேவைப்பட்டால் மட்டும் எடுக்கலாம்.

அந்தக் கொடையாளர் யார்? முதலில் வீட்டுக்குள் பாருங்கள். உங்கள் அப்பா அம்மா இருவரிடமும் எச் மரபணுவின் பழுதான பிரதி ஒன்று, நல்ல பிரதி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பழுதும் சேர்ந்து வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நீங்கள் பி, அது சோதனையில் தெளிவாகத் தெரிகிறது. பி தெரிகிறது என்றால் எச் இருக்கிறது. ஆகவே நீங்கள் பாம்பே இல்லை. தம்பி ஓ என்று இருப்பதால் அவரை உடனே அழைத்துப் போங்கள். அட்டையில் ஓ என்று இருக்கும் ஒவ்வொரு உடன்பிறப்பும், அப்பா அம்மா வழியில் உறவுக்குள் கட்டிக்கொண்ட வீடுகளின் ஓ ஆட்களும் சோதிக்க வேண்டியவர்கள். ஏ, பி, ஏபி என்று தெளிவாக இருப்பவர்களுக்கு வேண்டியதில்லை. அக்காவின் பையன்களுக்கும் பாம்பே இருக்க வாய்ப்பு குறைவு. மாமாவிடமும் பழுதான பிரதி இருந்தால்தான் வரும். மாமாவும் சொந்தம் என்றால் ஓ என்று இருக்கும் பிள்ளையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் என்பது இங்கே வெறும் ஊகம் இல்லை. பெண்டேயோடு அந்த 1952 கட்டுரையில் இருந்த எச்.எம். பாட்டியா அதோடு விட்டுவிடவில்லை. 1957ல் பம்பாயில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ரத்த குரூப் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியது. பின்னாளில் தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனமாக வளர்ந்தது அதுதான், இன்றும் கே.இ.எம். வளாகத்தில் இருக்கிறது. பாட்டியா அதை வழிநடத்தியவர்களில் ஒருவர். அவரும் எல்.டி. சாங்வியும் 1962ல் பாம்பே குரூப்புக்கும் உறவுமுறைத் திருமணத்துக்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். 1974ல் பாட்டியாவும் சாத்தேயும் பம்பாயில் 7,600 பேரில் ஒருவருக்கு என்று கணக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் இது பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவில்தான். ஒரு கண்டுபிடிப்புக்குப் பெயர் வாங்கிக்கொண்டு அடுத்ததற்குத் தாவாமல், இருபது வருஷம் கழித்தும் அதே கேள்வியின் பின்னால் போனவர் என்பதால் பாட்டியா மேல் எனக்குத் தனி மரியாதை.

அந்த 7,600 கணக்கை வைத்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால்: பழுதான பிரதி ஒன்றைச் சுமப்பவர் ஏறத்தாழ 44 பேரில் ஒருவர். அந்த அளவில், அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொண்டால் பிள்ளைக்குப் பாம்பே வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1,200ல் ஒன்று. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் 650ல் ஒன்று. இது தோராயக் கணக்கு. பம்பாயிலும் உறவுத் திருமணம் கலந்திருப்பதால் நிஜத்தில் சுமப்பவர்கள் இதைவிடக் குறைவாக இருப்பார்கள், நம் மாவட்டங்களுக்கு அதை அப்படியே பொருத்தவும் முடியாது. ஏன் வீடுகளுக்குள்ளேயே கொத்தாகத் தேட வேண்டும் என்பதற்கு இந்த அளவு போதும்.

மரபணு அளவிலும் இதற்கு விடை வந்துவிட்டது. சிவப்பணுவில் எச் உண்டாக்குவது 19ஆம் குரோமோசோமில் உள்ள எஃப்யூடி1 என்ற மரபணு. 1990ல் அமெரிக்காவில் ஜான் லோவின் குழு அதைப் பிரித்தெடுத்தது. பக்கத்திலேயே இருக்கும் எஃப்யூடி2 எச்சில், குடல் போன்ற இடங்களைப் பார்த்துக்கொள்கிறது. இந்தியப் பாம்பே ஆட்களிடம் இரண்டும் சேர்ந்தே போயிருக்கின்றன. எஃப்யூடி1-ல் 725ஆம் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். எஃப்யூடி2 மொத்தமாகக் கழன்றுபோய்விட்டது. பக்கத்துப் பக்கத்து மரபணுக்கள் ஆனதால் இரண்டு பழுதும் ஜோடியாகவே தலைமுறை தலைமுறையாக இறங்குகின்றன.

இதே ஜோடிப் பழுது இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவிலும் கிடைத்தது. அது பிரெஞ்சுத் தீவு. 1980களின் தொடக்கத்திலேயே அங்கே பாம்பே வகையினர் கூட்டமாக இருப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். துருவிப் பார்த்தால் இரண்டு கூட்டம். ஒன்று ஐரோப்பிய வம்சாவளி, அவர்களிடம் வேறு மாற்றம், எச் துளியளவு மிச்சம் இருக்கும். இன்னொன்று இந்திய வம்சாவளி, எச் சுத்தமாக இல்லை, இந்தியாவில் கண்ட அதே 725 மாற்றம், அதே எஃப்யூடி2 இழப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதி நம் தமிழ்ப் பகுதிகளிலிருந்து கப்பல் ஏறியவர்கள். அங்கே இன்றும் மலபார் என்று அழைக்கப்படுகிறவர்கள். மொழி தேய்ந்தும் தீ மிதிப்பும் காவடியும் அங்கே நிற்பது போல, இதுவும் கூடவே போயிருக்கிறது. பம்பாயின் பெயரை வாங்கிக்கொண்டாலும் இது பம்பாய்க்காரர்களின் சொத்து அல்ல. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசியாக நடைமுறை. தம்பி சோதனையில் பாம்பே என்று வந்தால், உடனே ரத்தம் கொடுக்க வேண்டாம். பொது இருப்பில் வைத்த பை ஆறு வாரத்தில் வீணாகும், அடுத்த முறை கொடுக்க அவர் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பெயர், போன் நம்பரை ரத்த வங்கியில் அபூர்வக் கொடையாளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். மும்பையின் அந்த நிறுவனமும் நாடு தழுவிய பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. சிவப்பணுவை கிளிசரால் சேர்த்து மைனஸ் 65 டிகிரிக்குக் கீழே உறைய வைத்துப் பத்து வருஷம் வரை பாதுகாக்கும் வசதி சில இடங்களில் மட்டும் உண்டு. கிடைக்கும் ஊரானால் கேட்டுப் பாருங்கள்.

அக்காவின் பழைய முகாம் அட்டையைக் கிழித்துப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் யாராவது அவசரத்தில் அதைப் பார்த்து ஓ ஏற்றக் கூடாது. "பாம்பே குரூப், ஆர்எச் பாசிட்டிவ், ஓ உட்பட எந்த சாதாரண குரூப் சிவப்பணுவும் ஏற்றக் கூடாது, எந்த குரூப் பிளாஸ்மாவும் ஏற்றலாம்" என்று ரத்த வங்கி முத்திரையோடு எழுதி வாங்கி, ஆதார் அட்டை இருக்கும் உறைக்குள் ஒன்றும், மாமாவின் பர்ஸில் ஒன்றும் வையுங்கள். அட்மிஷன் போடும்போது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். லெக்டின் சோதனை முடிவு கையில் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.